நீரிழிவுற்ற ஆய்வக எலிகளில் தைராய்டு சுரப்பியின் செயல்பாடு: அளவீடும் பொருள்கோடலும்

ஆய்வுச் சுருக்கம்

இன்சுலின் குறைபாட்டால் நீரிழிவுற்ற ஆய்வக எலிகளின் குருதியில் தைராய்டு ஹார்மோன்களின் அளவு குறைகிறது என்பது பல்லாண்டுகளாக உறுதிப்பட்டுள்ள செய்தி. இக்குறைவு தைராய்டு சுரப்பி பழுதுற்றதால் விளைவதா, உடல் தன் ஆற்றலைச் சேமிக்க மேற்கொள்ளும் தகவமைப்பா என்ற வினாவுக்குத் தரப்படும் விடையைப் பொறுத்தே ஆய்வு முடிவின் பொருள் அமைகிறது. மூளை, சுரப்பி, கல்லீரல் ஆகிய மூன்று நிலைகளிலும் நிகழும் மாற்றங்களை இக்கட்டுரை தொகுத்து விளக்குகிறது. எலிக்கும் மனிதருக்கும் உள்ள வேறுபாடுகளையும், இத்தகைய ஆய்வுகளில் இடம்பெற வேண்டிய ஒப்பீட்டுக் குழுக்களையும் சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: நீரிழிவு, தைராக்சின், டிரைஅயோடோதைரோனின், ஸ்ட்ரெப்டோசோடோசின், அயோடின் நீக்க நொதி, விஸ்டார் எலி, புதுச்சேரி.

முன்னுரை

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமமும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இணைந்து நடத்திய நாடு தழுவிய கணக்கெடுப்பின் முடிவுகள் 2023ஆம் ஆண்டு வெளியாயின. அக்கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 20 வயதுக்கு மேற்பட்டோரில் 11.4 விழுக்காட்டினர் நீரிழிவு உடையோர். புதுச்சேரியில் இவ்விகிதம் 26.3 விழுக்காடு. கோவாவுக்கு (26.4) அடுத்த நிலையில், கேரளத்துக்கு (25.5) முன்னதாகப் புதுச்சேரி இடம்பெற்றுள்ளது. நான்கில் ஒருவருக்கு மேல் நீரிழிவு உடைய ஒரு பகுதியில் அந்நோய் பிற சுரப்பிகளை எவ்வாறு பாதிக்கிறது என்னும் ஆய்வு, நாள்தோறும் மருத்துவமனைக்கு வரும் மக்களோடு நேரடித் தொடர்புடையது.

தைராய்டு குறைபாடும் அரிதான நோயன்று. இந்தியாவின் எட்டு நகரங்களில் நிகழ்த்தப்பெற்று 2013ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில் பெரியவர்களில் ஏறத்தாழ 11 விழுக்காட்டினரிடம் அது கண்டறியப்பட்டது. இரண்டு நோய்களும் இவ்வளவு பரவலாக இருக்கும்போது, ஒருவரிடமே இரண்டும் காணப்படுவது தற்செயலாகவும் நிகழலாம். ஒன்று மற்றொன்றை விளைவித்ததாலும் நிகழலாம். மக்களிடையே எடுக்கப்படும் கணக்கெடுப்பு இவ்விரண்டையும் பிரித்துக் காட்டுவது கடினம். உணவு, வயது, மருந்து, மரபு ஆகியவற்றைக் கட்டுப்படுத்தி ஒரு காரணியை மட்டும் மாற்றிப் பார்க்க இடந்தருவது ஆய்வக விலங்கே.

புதுச்சேரி நகருக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் அமைந்த காலாப்பட்டில் 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நிறுவப்பெற்ற புதுவைப் பல்கலைக்கழகம் உள்ளது. மருத்துவக் கல்லூரி ஒன்றும் உள்ளது. உயிரியல் கல்வியும் நோயாளர் சிகிச்சையும் அருகருகே நிகழும் இத்தகைய இடங்களில் எலியிடம் கண்ட முடிவு மனிதரிடம் எந்த அளவு பொருந்தும் என்ற வினா தவிர்க்க இயலாதது. அவ்வினாவுக்கு விடைகாணத் தேவையான அடிப்படைகளை இக்கட்டுரை முன்வைக்கிறது.

1. தைராய்டு சுரப்பியின் இயல்பான செயல்பாடு

தைராய்டு சுரப்பி நுண்குமிழ்களால் ஆனது. ஒவ்வொரு குமிழின் சுவரும் ஒற்றை வரிசைச் செல்களால் அமைந்தது. உள்ளே தைரோகுளோபுலின் என்னும் புரதம் நிறைந்த கூழ்மம் இருக்கும். குருதியிலிருந்து அயோடைடை இச்செல்கள் ஈர்த்துப் பெராக்சிடேசு நொதியின் துணையால் அப்புரதத்துடன் இணைக்கின்றன. இவ்வாறு நான்கு அயோடின் அணுக்கள் கொண்ட தைராக்சினும், மூன்று அயோடின் அணுக்கள் கொண்ட டிரைஅயோடோதைரோனினும் உருவாகின்றன. முன்னதை டி4 என்றும் பின்னதை டி3 என்றும் சுருக்கி வழங்குவர். தைராக்சினை எட்வர்டு கெண்டால் 1914ஆம் ஆண்டு படிகமாகப் பிரித்தெடுத்தார். டி3 1952ஆம் ஆண்டில்தான் கிராசு, பிட்-ரிவர்சு ஆகியோரால் கண்டறியப்பட்டது.

செல்லின் உட்கருவில் உள்ள ஏற்பியுடன் வலுவாக இணைந்து வினைபுரிவது டி3. சுரப்பி பெரும்பகுதி டி4 வடிவிலேயே வெளியிடுவதால், டி4 ஒரு முன்னோடிச் சேர்மமாகவே கருதப்படுகிறது. கல்லீரல், சிறுநீரகம் முதலிய உறுப்புகளில் உள்ள அயோடின் நீக்க நொதி டி4-இன் வெளி வளையத்திலிருந்து ஓர் அயோடின் அணுவை நீக்கி டி3-ஐ உருவாக்குகிறது. இந்நொதியின் வினைமையத்தில் செலினியம் அடங்கிய அமினோ அமிலம் உள்ளது. உள் வளையத்திலிருந்து அயோடின் நீக்கப்படுமாயின் வினைத்திறனற்ற எதிர்-டி3 உருவாகும். ஆகவே, சுரப்பி நலமாக இருந்தாலும் இந்நொதி தளருமாயின் உறுப்புகளுக்குக் கிடைக்கும் டி3 குறைந்துவிடும்.

இவை அனைத்தையும் ஆள்வது மூளையும் பிட்யூட்டரியும் ஆகும். ஹைபோதலாமஸ் வெளியிடும் டி.ஆர்.எச். பிட்யூட்டரியைத் தூண்டுகிறது, பிட்யூட்டரி வெளியிடும் டி.எஸ்.எச். தைராய்டைத் தூண்டுகிறது. குருதியில் தைராய்டு ஹார்மோன் குறைந்தால் டி.எஸ்.எச். உயர வேண்டும் என்பதே எதிர்ப்பின்னூட்ட விதி. இவ்விதியே நீரிழிவுற்ற எலியின் நிலையை அறிந்துகொள்ளும் திறவுகோலாகும்.

2. ஆய்வக விலங்குகளில் நீரிழிவை உருவாக்கும் முறைகள்

1889ஆம் ஆண்டு ஸ்டிராஸ்பர்க் நகரில் மெரிங்கும் மின்கோவ்ஸ்கியும் நாயின் கணையத்தை அகற்றியபோது அதற்கு நீரிழிவு தோன்றியது. கணையத்துக்கும் நீரிழிவுக்கும் உள்ள தொடர்பு அவ்வாறே உறுதியாயிற்று. 1921ஆம் ஆண்டு டொரண்டோவில் பேண்டிங்கும் பெஸ்டும் இன்சுலினைப் பிரித்தெடுத்த ஆய்வும் நாய்களிடமே நிகழ்ந்தது. கணையம் முழுவதையும் அகற்றினால் செரிமான நொதிகளும் இல்லாமற் போகும், ஊட்டக்குறைவு நேரும். அதனால் பீட்டா செல்களை மட்டும் அழிக்கும் வேதிப்பொருள்களை ஆய்வாளர் நாடினர்.

1943ஆம் ஆண்டு டன்னும் அவருடைய குழுவினரும் அலாக்சான் முயலின் லாங்கர்ஹான்ஸ் திட்டுகளைச் சிதைப்பதைக் கண்டனர். 1963ஆம் ஆண்டு, மண்வாழ் நுண்ணுயிரியான ஸ்ட்ரெப்டோமைசீஸ் அக்ரோமோஜீனஸ் உருவாக்கும் ஸ்ட்ரெப்டோசோடோசின் நாயிலும் எலியிலும் நீரிழிவை விளைவிப்பது அறிவிக்கப்பட்டது. இவ்விரண்டும் குளுக்கோசைப் போன்ற உருவமைப்பால் குளுட்-2 என்னும் கடத்தி வழியாகப் பீட்டா செல்லுக்குள் நுழைகின்றன. அலாக்சான் ஆக்சிஜன் தனியுறுப்புகளைப் பெருக்கிச் செல்லைச் சிதைக்கிறது, ஸ்ட்ரெப்டோசோடோசின் டி.என்.ஏ.வைச் சிதைத்து, அதைச் சீர்செய்யும் முயற்சியிலேயே செல்லின் ஆற்றல் இருப்பு தீர்ந்துபோகச் செய்கிறது.

எலிகளுக்கு ஸ்ட்ரெப்டோசோடோசின் பொதுவாக உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 40 முதல் 65 மி.கி. வரை ஒரே தவணையாகச் செலுத்தப்படுகிறது. கரைசல் நிலையற்றது, ஆதலின் அமிலத்தன்மை கொண்ட சிட்ரேட் கரைசலில் உடனுக்குடன் கரைத்துப் பயன்படுத்துவர். சிதையும் பீட்டா செல்களிலிருந்து இன்சுலின் ஒருசேர வெளியேறுவதால் முதல் நாளில் குருதிச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழலாம். அதைத் தடுக்கச் சர்க்கரைக் கரைசல் குடிக்கத் தரப்படும். 48 முதல் 72 மணி நேரத்தில் நிலைத்த உயர் சர்க்கரை தோன்றும்.

வேதிப்பொருளின்றி மரபால் நீரிழிவுறும் இனங்களும் உள்ளன. 1974ஆம் ஆண்டு கனடாவின் ஒட்டாவா நகரில் கண்டறியப்பட்ட பி.பி. எலியும், ஜப்பானில் உருவாக்கப்பெற்று 1980ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட என்.ஓ.டி. சுண்டெலியும் தன்தடுப்பாற்றலால் முதல் வகை நீரிழிவு அடைவன. உடற்பருமனுடன் கூடிய இரண்டாம் வகைக்கு டி.பி. சுண்டெலி எடுத்துக்காட்டாகும். எம்முறை தேர்ந்தெடுக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தே தைராய்டு பற்றிய முடிவும் வேறுபடும்.

3. நீரிழிவுற்ற எலிகளில் காணப்படும் மாற்றங்கள்

ஸ்ட்ரெப்டோசோடோசினால் நீரிழிவுற்று, இன்சுலின் தரப்படாத எலிகளின் குருதிச் சீரத்தில் டி4, டி3 ஆகிய இரண்டும் குறைகின்றன. இக்குறைவு மூன்று நிலைகளில் விளைகிறது.

3.1 மூளை, பிட்யூட்டரி நிலை

டி4 குறைந்தும் டி.எஸ்.எச். உயர்வதில்லை; பல ஆய்வுகளில் அதுவும் குறைந்தே காணப்படுகிறது. டி.ஆர்.எச். வெளியீடு தளர்வதும், வெளியிலிருந்து டி.ஆர்.எச். செலுத்தினாலும் பிட்யூட்டரி முழு அளவில் விடையிறுக்காததும் இதற்குக் காரணங்களாகக் காட்டப்பட்டுள்ளன. நீரிழிவுற்ற எலியில் கார்டிகோஸ்டீரோன் மிகுவதும் டி.எஸ்.எச். சுரப்பை அடக்கும். எதிர்ப்பின்னூட்ட விதி மீறப்படவில்லை. அதன் நிலைப்புள்ளியே கீழிறக்கப்பட்டுள்ளது என்று கொள்வது பொருந்தும்.

3.2 சுரப்பி நிலை

தூண்டல் குறைந்த சுரப்பி அயோடைடை ஈர்க்கும் அளவும் குறைகிறது. நுண்ணோக்கியில் பார்க்கும்போது குமிழ்ச் செல்கள் உயரம் குன்றித் தட்டையாவதும், கூழ்மம் பயன்படாமல் தேங்குவதும் காணப்படும். இத்தோற்றம் டி.எஸ்.எச். தூண்டல் இழந்த சுரப்பிக்கு உரியது. சுரப்பியே முதலில் பழுதுற்றிருந்தால் உயர்ந்த டி.எஸ்.எச். செல்களை உயர்த்திச் சுரப்பியைப் பருக்கச் செய்திருக்கும். முன்கழுத்துக் கழலை உருவாவதும் இவ்வழியிலேயே ஆகும். ஆகவே திசுத் தோற்றமும் டி.எஸ்.எச். அளவும் ஒரே திசையைச் சுட்டுகின்றன.

3.3 கல்லீரல், சிறுநீரக நிலை

நீரிழிவுற்ற எலியின் கல்லீரலில் வெளி வளைய அயோடின் நீக்க நொதியின் செயல்திறன் குறைகிறது. சுரப்பி வெளியிடும் குறைந்த டி4-உம் முழுமையாக டி3-ஆக மாறுவதில்லை. கல்லீரல் செல்களின் உட்கருவில் டி3 இணையும் ஏற்பிகளின் எண்ணிக்கையும் குறைவதாகக் காட்டப்பட்டுள்ளது. உருவாக்கம், மாற்றம், ஏற்பு ஆகிய மூன்றிலும் உடல் ஒரே நேரத்தில் தைராய்டின் செயலைத் தணிக்கிறது என்பது இதனால் விளங்கும்.

இம்மாற்றங்கள் இன்சுலின் சிகிச்சையால் பெருமளவு மீள்கின்றன என்பது குறிப்பிடத்தக்கது. ஸ்ட்ரெப்டோசோடோசினே தைராய்டையும் கல்லீரலையும் நேரடியாக நஞ்சூட்டியிருக்கலாம் என்ற ஐயம் நியாயமானது; குளுட்-2 கடத்தி கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் உள்ளது. மருந்தை நீக்காமலே இன்சுலினால் மட்டும் அளவுகள் மீளுமாயின், காரணம் மருந்தின் நஞ்சன்று, இன்சுலின் இன்மையே என்பது தெளிவாகும்.

4. நோயா, தகவமைப்பா?

நீரிழிவுற்ற எலி மிகுதியாக உண்டும் எடை இழக்கிறது. குருதியில் குளுக்கோஸ் நிறைந்திருந்தும் தசையும் கொழுப்புத் திசுவும் அதைப் பயன்படுத்த இயலாமையால், அவை பட்டினி நிலையிலேயே உள்ளன. பட்டினியிடப்பட்ட இயல்பான எலியிலும் டி3 குறைகிறது, டி.ஆர்.எச். வெளியீடு தளர்கிறது, டி.எஸ்.எச். உயர்வதில்லை, கல்லீரலின் அயோடின் நீக்க நொதி மங்குகிறது. இரு நிலைகளின் ஒப்புமை தற்செயலானதன்று.

இவ்வொப்புமைக்கு ஓர் இணைப்பாக அமைவது லெப்டின். கொழுப்புத் திசு சுரக்கும் இந்த ஹார்மோன் உடலின் ஆற்றல் இருப்பை மூளைக்கு அறிவிக்கிறது. பட்டினியில் லெப்டின் தாழ்கிறது. பட்டினியிட்ட சுண்டெலிகளுக்கு லெப்டினை வெளியிலிருந்து தந்தபோது தைராக்சின் வீழ்ச்சி மட்டுப்பட்டதை 1996ஆம் ஆண்டு அகிமா குழுவினர் காட்டினர். ஸ்ட்ரெப்டோசோடோசினால் நீரிழிவுற்ற எலியில் கொழுப்புத் திசு கரைவதாலும் இன்சுலின் இன்மையாலும் லெப்டின் மிகவும் தாழ்கிறது. ஆற்றல் வரவு நின்றுவிட்டது என்ற செய்தி மூளையை எட்டியதும், செலவைக் குறைக்கும் பொருட்டுத் தைராய்டு அச்சு தணிக்கப்படுகிறது. வருவாய் சுருங்கிய குடும்பம் செலவைச் சுருக்கிக்கொள்வதை நோய் என்று யாரும் சொல்வதில்லை.

ஆயினும் தகவமைப்பு என்பதாலேயே அது தீங்கற்றது என்று கொள்ளலாகாது. நீரிழிவுற்ற எலியின் இதயத் தசையில் விரைவாகச் சுருங்கும் மயோசின் வகை குறைந்து மெதுவாகச் சுருங்கும் வகை மிகுவதை 1980ஆம் ஆண்டு டில்மன் காட்டினார். தைராய்டு குறைபாடுள்ள எலியிலும் இதே மாற்றம் காணப்படும். ஆதலின், இதயத்தின் தளர்ச்சிக்குத் தைராய்டு ஹார்மோன் குறைவு ஒரு காரணமாகலாம் என்ற கருத்து எழுந்தது. எனினும் உடலியல் அளவில் தைராய்டு ஹார்மோனை மட்டும் ஈடுசெய்வது இம்மாற்றத்தை முழுமையாகச் சீராக்கவில்லை. இன்சுலின் சிகிச்சை சீராக்கியது. தைராய்டு தணிவு நீரிழிவின் விளைவுகளில் ஓர் இழையே தவிர, அவற்றின் வேரன்று என்பதே இதனால் பெறப்படும்.

இங்கு ஒரு நடைமுறை எச்சரிக்கையும் அடங்கியுள்ளது. தகவமைப்பாகக் குறைந்த டி3-ஐ வெளியிலிருந்து உயர்த்துவது, ஏற்கெனவே தசைப் புரதத்தை இழந்துகொண்டிருக்கும் உடலின் செலவைக் கூட்டக்கூடும். அளவீடு குறைவாக இருப்பது மட்டுமே சிகிச்சைக்குக் காரணமாகாது.

5. தன்தடுப்பாற்றல் வழித் தொடர்பு

மேற்கூறிய விளக்கம் எல்லா நீரிழிவு விலங்குகளுக்கும் பொருந்தாது. பி.பி. எலிகளில் கணையத் திட்டுகளைத் தாக்கும் தடுப்பாற்றல் கோளாறு பலவற்றில் தைராய்டையும் தாக்குகிறது. நிணநீர்ச் செல்கள் சுரப்பிக்குள் புகுந்து அழற்சியை விளைவிக்கின்றன. அயோடின் மிகுந்த உணவு இவ்வழற்சியை மிகுவிக்கிறது. இங்கு நீரிழிவு தைராய்டைப் பாதிக்கவில்லை. இரண்டையும் ஒரே கோளாறு பாதிக்கிறது.

இவ்வேறுபாடு மனிதரிடமும் உண்டு. முதல் வகை நீரிழிவு உடையோரிடம் தன்தடுப்பாற்றல் தைராய்டு நோய் பொதுமக்களைவிட மிகுதியாகக் காணப்படுகிறது. இத்தகையோரிடம் டி.எஸ்.எச். உயர்ந்தும் டி4 தாழ்ந்தும் இருக்கும். தைராய்டு பெராக்சிடேசுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் குருதியில் காணப்படும். இது உண்மையான சுரப்பிக் குறைபாடு. இதற்குத் தைராக்சின் தருவதே சிகிச்சை. ஸ்ட்ரெப்டோசோடோசின் எலி இந்நோய்க்கு மாதிரியாக அமையாது. அதன் முடிவைக் காட்டி முதல் வகை நோயாளரின் தைராய்டு அழற்சியை விளக்குவது பொருந்தாது.

6. எதிர்த்திசை உறவு

தைராய்டும் நீரிழிவின் போக்கை மாற்றவல்லது. கணையத்தின் ஒரு பகுதி அகற்றப்பட்ட நாய்களுக்குத் தைராய்டு தந்தபோது நீரிழிவு தோன்றுவதை அர்ஜென்டினாவின் பெர்னார்டோ ஹவுசே ஆராய்ந்தார். பிட்யூட்டரிக்கும் சர்க்கரை வளர்சிதை மாற்றத்துக்கும் உள்ள தொடர்பைக் கண்டமைக்காக 1947ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றவர் அவர். தைராய்டு ஹார்மோன் மிகும்போது கல்லீரல் புதிதாக உருவாக்கும் குளுக்கோஸ் மிகுகிறது. குடல் விரைவாக உறிஞ்சுகிறது. இன்சுலின் விரைவாகச் சிதைகிறது. தசையில் குளுக்கோசை ஏற்கும் குளுட்-4 கடத்தியை டி3 பெருக்கினாலும் நிகர விளைவு பெரும்பாலும் சர்க்கரை உயர்வே. தைராய்டு ஹார்மோன் குறையும்போது இன்சுலின் உடலில் நீண்ட நேரம் தங்குவதால் சர்க்கரைத் தாழ்நிலை நேரும் வாய்ப்பு கூடுகிறது.

எனவே நீரிழிவுற்ற எலியில் தைராய்டு தணிவது கல்லீரலின் குளுக்கோஸ் உற்பத்தியையும் ஓரளவு தணிக்கும். ஒரு மருந்து டி3-ஐ உயர்த்துகிறது என்பது தன்னளவில் நற்செய்தியாகாது என்பதற்கு இது மற்றுமொரு காரணம்.

7. எலியும் மனிதரும்

எலியிடம் பெற்ற அளவுகளை மனிதருக்குப் பொருத்துமுன் சில வேறுபாடுகள் நினைவில் இருத்தல் வேண்டும். மனிதக் குருதியில் தைராக்சினைச் சுமக்கும் முதன்மைப் புரதம் தைராக்சின் பிணைப்புக் குளோபுலின். வளர்ந்த எலியில் இது மிகக் குறைவு. டிரான்ஸ்தைரெட்டின், அல்புமின் ஆகியவையே அப்பணியைச் செய்கின்றன. இதனால் மனிதரில் ஏறத்தாழ ஒரு வாரமாக உள்ள டி4-இன் அரைவாழ்வு, எலியில் ஒரு நாளுக்கும் குறைவாக உள்ளது. எலியில் சில நாள்களிலேயே தோன்றும் வீழ்ச்சி மனிதரில் அதே விரைவில் தோன்றாது.

மனிதரில் டி3-இல் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே சுரப்பியிலிருந்து நேரடியாக வருகிறது. எஞ்சியது பிற உறுப்புகளில் உருவாகிறது. எலியில் சுரப்பியின் நேரடிப் பங்கு இதைவிடக் கணிசமாக மிகுதி. ஆதலின் டி.எஸ்.எச். தணிவு எலியின் டி3-ஐக் கூடுதலாகத் தாக்கும். கட்டுப்பாடற்ற நீரிழிவுடைய மனிதரில் டி3 குறைந்தும், எதிர்-டி3 உயர்ந்தும், டி4 பெரும்பாலும் இயல்பாகவும் காணப்படும். எலியில் டி4-உம் தெளிவாகக் குறைகிறது. திசை ஒன்றே, அளவும் ஆழமும் வேறு.

8. ஆய்வு வடிவமைப்பில் கருத வேண்டியவை

தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் உயிர்வேதியியல், விலங்கியல், மருந்தியல் துறைகளில் மூலிகைச் சாறுகளின் நீரிழிவு எதிர்ப்புத் திறன் தொடர்ந்து ஆராயப்பட்டு வருகிறது. ஆவாரை, சிறுகுறிஞ்சான், நாவல், வெந்தயம் முதலியவை இவ்வகையில் நன்கறியப்பட்டவை. இத்தகைய ஆய்வில் தைராய்டு ஹார்மோன்களும் அளக்கப்படும்போது, சாறு தரப்பட்ட எலிகளில் டி3 உயர்ந்தது என்ற முடிவு கிடைக்கலாம். அச்சாறு தைராய்டைத் தூண்டும் தன்மையுடையது என்று அதிலிருந்து கூறுவது ஒரு படியைத் தாண்டிச் செல்வதாகும். சாறு குருதிச் சர்க்கரையைச் சீராக்கியிருந்தால் டி3 தானே மீண்டிருக்கும்.

இவ்விரண்டையும் பிரித்தறியக் கீழ்க்காணும் குழுக்கள் உதவும். முதலாவது, சிட்ரேட் கரைசல் மட்டும் செலுத்தப்பட்ட இயல்பான குழு. இரண்டாவது, சிகிச்சையற்ற நீரிழிவுக் குழு. மூன்றாவது, இன்சுலின் தரப்பட்ட நீரிழிவுக் குழு. நீரிழிவு சீரானால் மட்டும் தைராய்டு எவ்வளவு மீளும் என்பதை இது காட்டும். நான்காவது, உணவு குறைக்கப்பட்டு நீரிழிவுக் குழுவின் எடைக்கு இணையாக்கப்பட்ட இயல்பான குழு. எடை இழப்பின் பங்கை இது பிரித்துக் காட்டும். ஐந்தாவது, சாறு தரப்பட்ட நீரிழிவுக் குழு. ஆறாவது, சாறு தரப்பட்ட இயல்பான குழு. இதில் டி3 உயர்ந்தால்தான் தைராய்டின் மீது சாற்றுக்கு நேரடி விளைவு உண்டு என்று கருத இடமுண்டு. மெத்திமசோல் தந்து தைராய்டு குறைபாடு உண்டாக்கப்பட்ட எலிகளில் சாற்றைச் சோதிப்பது அக்கருத்தை மேலும் உறுதிப்படுத்தவோ மறுக்கவோ உதவும்.

கடற்கரைப் பகுதிகளில் கடற்பாசிச் சாறுகளைச் சோதிப்போர் கூடுதல் கவனம் கொள்ளல் வேண்டும். கடற்பாசிகள் பலவற்றில் அயோடின் மிகுதி. அயோடின் அளவு கணக்கிடப்படாத சாறு தைராய்டில் விளைவிக்கும் மாற்றத்தை நீரிழிவு நீங்கியதன் பயன் என்று கொள்வது பிழையாக முடியும். எலிகளின் அன்றாட உணவிலும் நீரிலும் உள்ள அயோடினும் எல்லாக் குழுக்களுக்கும் ஒன்றாக இருத்தல் வேண்டும்.

அளவீட்டு முறையும் முதன்மையானது. டி4, டி3 ஆகியவற்றின் வேதியமைப்பு எல்லாப் பாலூட்டிகளிலும் ஒன்றே. டி.எஸ்.எச். புரதம் என்பதால் இனத்துக்கு இனம் வேறுபடும். மனிதருக்கென உருவாக்கப்பட்ட டி.எஸ்.எச். சோதனைப் பெட்டியால் எலியின் டி.எஸ்.எச்.-ஐ நம்பகமாக அளக்க இயலாது; எலிக்குரிய எதிர்ப்பொருள் கொண்டதே தேவை. நோயா தகவமைப்பா என்ற வினாவுக்கு விடை தருவதே டி.எஸ்.எச். ஆதலின், அது தவறாக அளக்கப்பட்டால் ஆய்வின் மையமே சரிந்துவிடும். குருதி எடுக்கும் நேரமும் எல்லா விலங்குகளுக்கும் ஒன்றாதல் வேண்டும், டி.எஸ்.எச். நாளின் பொழுதுக்கேற்ப மாறும் இயல்புடையது. கையாளும்போது ஏற்படும் அச்சமும் மயக்க மருந்தும் அதைப் பாதிக்கும்.

குழுக்களைக் கூட்டுவது விலங்குகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதாகும். 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டமும் 1998ஆம் ஆண்டின் விதிகளும் நிறுவன விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலைக் கட்டாயமாக்குகின்றன. 1959ஆம் ஆண்டு ரசலும் பர்ச்சும் முன்வைத்த மாற்று, குறைப்பு, செம்மை என்னும் மூன்று நெறிகளில் குறைப்பு என்பது தேவையான ஒப்பீட்டுக் குழுவைக் கைவிடுவதன்று. விடை தராத ஆய்வில் பயன்படுத்தப்பட்ட விலங்குகள் அனைத்தும் வீணே இறந்தவையாகும். வினாவுக்கு விடை கிடைக்கும் குறைந்த எண்ணிக்கையை முன்கூட்டியே புள்ளியியல் வழியில் கணக்கிடுவதே இந்நெறியின் பொருள்.

9. சிகிச்சைக்கான உட்கிடைகள்

விலங்காய்வு தரும் விளக்கம் மருத்துவ நடைமுறையில் மூன்று இடங்களில் பயன்படும். முதலாவது, சோதனை செய்யும் காலம். மிகை சர்க்கரையுடனோ கீட்டோன் அமிலநிலையுடனோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவரிடம் டி3 குறைந்து டி.எஸ்.எச். உயராதிருந்தால், அது பெரும்பாலும் நோய்க்கால மாற்றமே. சர்க்கரை கட்டுக்குள் வந்த பின்னர் மீண்டும் சோதித்து முடிவு செய்வதே ஏற்புடையது. வாழ்நாள் முழுதும் உட்கொள்ள வேண்டிய மாத்திரையை ஒரே ஒரு நெருக்கடிக்கால அளவீட்டைக் கொண்டு தொடங்குவது நோயாளிக்குத் தேவையற்ற சுமையாகும்.

இரண்டாவது, முதல் வகை நீரிழிவு உடையோரிடம் டி.எஸ்.எச். அளவையும் தைராய்டு எதிர்ப்பொருள்களையும் உடல்நிலை சீரான பின் சோதிப்பதும், டி.எஸ்.எச். சோதனையைக் குறிப்பிட்ட இடைவெளிகளில் தொடர்வதும் இன்றியமையாதவை. மூன்றாவது, மருந்துகளின் குறுக்கீடு. இரண்டாம் வகை நீரிழிவுக்குப் பரவலாகத் தரப்படும் மெட்பார்மின், தைராய்டு குறைபாடும் உடையவர்களிடம் டி.எஸ்.எச். அளவைச் சிறிது தாழ்த்துவது அறியப்பட்டுள்ளது. இதை அறியாதவர் தைராக்சின் அளவு மிகுந்துவிட்டது என்று கருதிக் குறைக்க நேரிடலாம்.

முடிவுரை

இன்சுலின் குறைபாட்டால் நீரிழிவுற்ற எலியில் தைராய்டு ஹார்மோன்கள் குறைவது உண்மை. ஆனால் டி.எஸ்.எச். உயராமை, தூண்டல் இழந்த சுரப்பியின் திசுத் தோற்றம், அயோடின் நீக்க நொதியின் தளர்ச்சி, பட்டினி நிலையோடு உள்ள ஒப்புமை, இன்சுலினால் மீளும் இயல்பு ஆகிய ஐந்தும் இது சுரப்பியின் முதன்மை நோயன்று, ஆற்றல் இழப்புக்கு உடல் தரும் விடையே என்பதைக் காட்டுகின்றன. தன்தடுப்பாற்றல் வழி நீரிழிவுறும் விலங்குகளில் நிலைமை வேறு. அங்கு சுரப்பியே தாக்கப்படலாம். இரண்டையும் ஒன்றாகக் கொள்ளும் ஆய்வு தவறான முடிவுக்கே இட்டுச்செல்லும்.

நீரிழிவு மிகுந்த புதுச்சேரி போன்ற பகுதிகளில் தைராய்டு சோதனைகளும் நாளும் பெருகி வருகின்றன. ஓர் எண் குறைந்திருப்பதைக் கண்டறிவது எளிது. அது ஏன் குறைந்தது என்பதை அறிய டி.எஸ்.எச்., டி4, டி3 ஆகிய மூன்றையும் நோயின் நிலையோடு சேர்த்துப் பார்த்தல் வேண்டும். எலியைக் கொண்டு ஆய்வு செய்வோரும் நோயாளியைக் கொண்டு முடிவெடுப்போரும் இந்த ஒரு நெறியில் ஒன்றுபடுவாராயின், ஆய்வகத்தில் பெறும் அறிவு மருத்துவமனையில் பிறழாமல் பயன்படும்.